ஸ்கீ ஜம்பிங்: அதிக தூரம் தாவியவர் ஏன் பின்தங்குகிறார்? ஹோல்மென்கோலனில் எங்கே நின்று பார்ப்பது?

கோவைவாசி:
வணக்கம். மார்ச்சில் அலுவலக வேலையாக நார்வே போகிறேன். ஓஸ்லோவில் ஹோல்மென்கோலன் குன்றில் ஸ்கீ ஜம்பிங் போட்டி, அதாவது ஸ்கீ என்னும் நீளமான சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டி, மேடையில் சறுக்கி வந்து தாவும் போட்டி, நடக்கும் வாரம்தான் அது என்றார்கள். பழைய போட்டிகளை யூடியூபில் பார்க்க ஆரம்பித்தேன், இப்போது விட முடியவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. மூன்று நான்கு மீட்டர் அதிகம் தாவியவர் பட்டியலில் கீழே போய்விடுகிறாரே, ஏன்? அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் கால் எப்படித் தாங்குகிறது? நேரில் பார்க்க எந்த இடம் நல்லது?

புள்ளிக்கணக்கு:
தூரம் மட்டும் கணக்கில்லை. ஹோல்மென்கோலன் மேடையில் இறங்கும் சரிவில் 120 மீட்டரில் ஒரு கோடு உண்டு, கே புள்ளி என்பார்கள். அதைத் தொட்டால் 60 மதிப்பெண். மேலே ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 கூடும், குறைந்தால் அதே அளவு போகும். அப்புறம் ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 20 வரை போடலாம். மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் தள்ளிவிட்டு மூன்றை மட்டும் கூட்டுவார்கள்.

ஒருவர் 132, இன்னொருவர் 128.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் 6.3 வித்தியாசம். முதலாமவர் தடுமாறி இறங்கி, அந்த மூன்று நடுவர்களும் ஆளுக்கு 2 குறைத்தாலே 6 போயிற்று, மிச்சம் 0.3தான். எதிர்க்காற்று ஆளைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால் அதற்கும் கழிப்பார்கள், பின்காற்றில் தாவியவருக்குச் சேர்ப்பார்கள். 2009 முதல் இந்த முறை இருக்கிறது.

ஒஸ்லோ_அக்கா:
தம்பி, கணக்கு சரி. நான் இங்கேயே இருக்கிறேன், போட்டி நாட்களில் தன்னார்வலராக மேடையில் வேலையும் செய்திருக்கிறேன். மற்ற இரண்டு கேள்விக்கும் சொல்கிறேன்.

அவர்கள் உயரத்திலிருந்து விழுவதில்லை. தொலைக்காட்சியில் எதிரே இருந்து காட்டுவதால் அப்படித் தெரிகிறது. தாவும் விளிம்பே கீழ்நோக்கிச் சாய்ந்ததுதான். ஆள் பறக்கும் பாதையை ஒட்டியே சரிவையும் அமைத்திருக்கிறார்கள், அதனால் தரைக்கு மேலே சில மீட்டரில்தான் போய்க்கொண்டிருப்பார். இறங்கும்போது காலுக்குக் கீழே சரிவும் கூடவே இறங்கும், அடி பலமாக விழாது. ஆபத்தெல்லாம் சரிவு மட்டமாகும் இடத்தில். இங்கே மேடையின் அளவு, அதாவது பத்திரமாக இறங்கக்கூடிய தூரம், 134 மீட்டர். அதைத் தாண்டிப் போகப் போக முழங்கால்தான் வாங்கும். ஆட்கள் மிதமிஞ்சிப் பறக்கத் தொடங்கினால் மேலே அவர்கள் உட்கார்ந்து புறப்படும் கம்பியைக் கீழே இறக்குவது இதனால்தான். வேகம் குறையும், தூரமும் குறையும்.

பனி கொட்டுகிற நாளில் காலையிலேயே வந்து பாருங்கள். சறுக்கி வரும் இரண்டு பள்ளத் தடங்களிலும் புதுப்பனி விழுந்துகொண்டே இருக்கும். இலை ஊதும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் அதை ஊதித் தள்ளிக்கொண்டே இருப்பார். கீழே சரிவில் நாங்கள் வரிசையாக நின்று, ஸ்கீயைக் குறுக்காக வைத்து மிதித்து மிதித்து இறங்குவோம். ஒரு இடத்தில் பனி பொதபொதவென்று இருந்தாலும் இறங்குகிறவர் விழுந்துவிடுவார். அந்த வேலைக்குப் பிறகு ஒவ்வொரு இறக்கத்தையும் என் பொறுப்பாகவே பார்க்கிறேன்.

நிற்க வேண்டிய இடம் சரிவின் பக்கவாட்டில், 120 மீட்டர் கோட்டுக்கு அருகே. கோபுர உச்சியிலிருந்து நகரமும் கடலும் வடிவாகத் தெரியும், ஆனால் அதைப் போட்டி இல்லாத நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 1923இல் திறந்த ஸ்கீ அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முதலில் காற்றைக் கிழிக்கும் சத்தம் வரும், பிறகு ஸ்கீ தரையில் படும் சத்தம். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் மடிந்து, கைகள் விரிந்து இறங்க வேண்டும், அதுதான் டெலிமார்க். பயத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்தவர்களை அங்கே நின்றால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இன்னொன்று. பெண்கள் போட்டியை விட்டுவிடாதீர்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் 1924இலேயே தாவினார்கள், பெண்களுக்கு 2014இல் சோச்சியில்தான் வழி விட்டார்கள். பழைய மேடையை இடித்துவிட்டு இப்போதுள்ள எஃகு மேடையைக் கட்டி 2010 மார்ச்சில் திறந்தார்கள். முதல் தாவலுக்கு அனெட் சாகன் என்ற வீராங்கனையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று பல வருடம் போராடியவர். அதற்கு முந்தைய இரவே ஒரு ஆண் வீரரைச் சோதனைத் தாவல் என்று தாவ விட்டார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. அடுத்த நாள் சாகன் அதே மேடையிலிருந்து தாவினார், அதிகாரபூர்வமான முதல் தாவல் அவருடையதுதான். 2018இல் நோர்வேயின் மாரென் லுண்ட்பி ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இப்போது பெண்கள் தாவுவதும் இதே பெரிய மேடையில்தான்.

கோவைவாசி:
மிக்க நன்றி அக்கா, பெண்கள் போட்டிக்கும் கட்டாயம் வருகிறேன். எப்படி வந்து சேர்வது? என்ன போட்டுக்கொள்ள வேண்டும்?

ஒஸ்லோ_அக்கா:
மெட்ரோ 1ஆம் தடம், ஹோல்மென்கோலன் நிலையம். அங்கிருந்து ஏற்றத்தில் கொஞ்சம் நடை. போட்டி முடிந்ததும் எல்லோரும் ஒரே ரயிலுக்கு ஓடுவார்கள், அரை மணி நேரம் பொறுத்து இறங்குங்கள். நல்ல அடிப்பாகம் உள்ள பூட்ஸும் கம்பளிக் காலுறையும் வேண்டும், மணிக்கணக்கில் பனிமேல் நிற்பீர்கள். அப்புறம் அந்தக் குன்றில் மூடுபனி அடிக்கடி வரும். போட்டியைத் தள்ளிவைத்தாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள், சில நேரம் சட்டென்று விலகிவிடும்.