குரு கண்டிப்பா உடம்போட நம்ம முன்னாடி இருக்கணுமா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

கிரிவலம் எழுதியது:

குரு கிடைக்கலையேன்னு தவிக்கறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால என்னோடத சொல்றேன். அப்பா தவறினப்புறம் எனக்கு ராத்திரியானா ஒரு பயம் வரும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், நானும் ஒருநாள் இப்படி இல்லாம போயிடுவேனேன்னு. சொந்தக்காரங்க ஒரு சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, பேர் வேண்டாம், அங்க போனதும் ஃபாரம் நிரப்ப சொன்னாங்க, தீட்சைக்கு இவ்ளோ, தனியா பாத்து பேச இவ்ளோன்னு ரேட் சொன்னாங்க, நான் வெளிய வந்துட்டேன்.

அப்புறம்தான் திருவண்ணாமலை ரமணாஸ்ரமம் போனேன். அங்க நீ யாரு எதுக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல. பகவான் ரமண மகரிஷி 1950லயே சமாதி ஆயிட்டார், வாரிசுன்னு ஒரு குருவை உக்கார வெச்சிட்டும் போகல, இருக்கும்போதும் முறைப்படி தீட்சைன்னு யாருக்கும் கொடுத்ததில்ல. அவருக்கே மனுஷ குரு கிடையாது, மலையைத்தான் குருன்னார். எனக்கு உறைச்சது என்னன்னா 1896ல மதுரையில அவருக்கு 16 வயசுல வந்ததும் இதே சாவு பயம்தான். அவர் அதை விட்டு ஓடல, அப்படியே படுத்து உடம்பை விறைப்பா வெச்சுக்கிட்டு, சரி செத்துட்டேன், இப்ப சாகறது எதுன்னு உள்ள பாத்திருக்கார். 1902ல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ரெவின்யூ டிபார்ட்மென்ட்ல வேலை பாத்தவர் மலைக்குப் போய் கேள்வி கேட்டப்ப பகவான் வாய திறக்காம எழுதிக் காட்டின பதில்தான் பின்னாடி 'நான் யார்' புத்தகமா வந்துச்சு. அதை வாங்கிட்டு ஆஸ்ரமத்துக்குப் பின்னாடி வழியா ஏறி, கந்தாஸ்ரமம் தாண்டி பகவான் முன்னாடி தங்கியிருந்த விருபாட்ச குகை போய் உக்காந்தேன். உள்ள ஒரே புழுக்கம், இருட்டு, அந்த பயம் அங்கயும் வந்துச்சு. பயப்படறது யாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அதிசயம் ஒண்ணும் நடக்கல, ஆனா அன்னைலேர்ந்து பயம் வந்தா அது பாட்டுக்கு வந்துட்டுப் போயிடுது, என்னைப் பிடிச்சு ஆட்டறதில்ல. எனக்கு அவர்தான் குரு, உடம்பு இல்லைங்கறது எனக்கு ஒரு குறையாவே தெரியல.

பொன்னி எழுதியது:

தம்பி, படிக்கவே மனசு நெறஞ்சது. ஆனா எல்லாருக்கும் அது போதும்னு எனக்கு தோணல. நாங்க சைவ மரபு, நான் முதல் படியான சமய தீட்சை வாங்கினவ, தஞ்சாவூர் பக்கம் ஒரு பெரியவர்தான் அஞ்செழுத்து உபதேசம் பண்ணார். காசுன்னு ஒரு பேச்சு கிடையாது, வெத்தலை பாக்கு பழம் வெச்சு நமஸ்காரம் பண்ணேன், தினம் விடாம பண்ணுவியாம்மான்னு மட்டும் கேட்டார். ஆரம்பத்துல எனக்கு வேகம் ஜாஸ்தி, அடுத்து விசேட தீட்சை எப்ப கொடுப்பீங்க, ராத்திரி சாப்பாட்டை விட்டுடட்டுமா, வேலையை விட்டுடட்டுமான்னு போட்டு துளைச்சு எடுப்பேன். அவர் பதில் சொல்லாம, காலைல எத்தனை மணிக்கு ஜபத்துக்கு உக்கார்ற, மாமியாருக்கு மாத்திரை எப்ப கொடுக்கறன்னு கேட்டார். ரெண்டும் ஒரே நேரம். முதல்ல மாத்திரை, அவங்க சாப்பிட்டு படுத்தப்புறம் நீ உக்காருன்னார், அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. இதை எந்த புத்தகம் சொல்லும் சொல்லுங்க, என் வீடும் என் குணமும் தெரிஞ்ச ஒருத்தர்தானே சொல்ல முடியும்.

மாணிக்கவாசகருக்கே பாருங்க, பாண்டிய மந்திரியா குதிரை வாங்கப் போனவரை ஆட்கொள்ள சிவபெருமான் திருப்பெருந்துறையில குருந்த மரத்தடியில ஒரு குருவா உடம்பெடுத்து உக்காந்துதான் உபதேசம் பண்ணார்னு நம்பறோம். அதே ஊர்தான் இன்னைக்கு ஆவுடையார்கோயில், புதுக்கோட்டை மாவட்டம். அங்க கருவறையில லிங்கமே கிடையாது, லிங்கத்துக்கு அடியில இருக்கற பீடமான ஆவுடையார் மட்டும்தான், நைவேத்தியமும் வடிச்ச சோத்தோட ஆவிதான். உருவமா வந்து ஆட்கொண்ட இடத்துலயே அருவமா நிக்கறார், அங்க நின்னப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

கிரிவலம் எழுதியது:

அக்கா, மாத்திரை விஷயத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். பகவானும் வீட்டை விட்டுட்டு வந்துடறேன்னு கேட்டவங்கள வீட்டுலயே இருந்து பண்ண சொல்லியிருக்கார், ஆனா அதை நேர்ல கேட்டவங்களுக்குத்தானே சொன்னார், அந்த இடத்துல நீங்க சொல்றது சரிதான், எனக்கு அப்படி கேக்க ஆள் இல்லாம சில முடிவு ரொம்ப இழுத்திருக்கு. ஒண்ணு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகுது, உங்க பெரியவரும் சரி ரமணரும் சரி நம்மள அவங்க பின்னாடி சுத்த விடல, நம்ம வேலைக்கே திருப்பி அனுப்பினாங்க. புதுசா தேடறவங்க தயவுசெஞ்சு முதல்ல இதைப் பாருங்க, கூட்டத்தையும் மாலையையும் பாக்காதீங்க.

ஆவுடையார்கோயில் எனக்கு போகணும்க்கா. அறந்தாங்கி வழியா பஸ்ல வர்றது சுலபமா, ஆனி திருமஞ்சன சமயத்துல வந்தா தங்க இடம் கிடைக்குமா, கொஞ்சம் எழுதுங்க.