தியேட்டரில் தீ என்று கத்தினால் ஜெயிலா?

பச்சைமிளகாய்:
நேற்று நியூஜெர்சி மாமா எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. "பேச்சுரிமைக்கு அமெரிக்காவிலேயே எல்லை உண்டு, கூட்டமான தியேட்டரில் தீ என்று கத்தியவனை 1919-ல் உச்ச நீதிமன்றமே உள்ளே தள்ளியது" என்கிறார். எந்தத் தியேட்டர் ஐயா? அந்த வழக்கில் தியேட்டரே கிடையாது. சார்லஸ் ஷெங்க் என்ற சோஷலிஸ்ட் கட்சிக்காரர் பிலடெல்பியாவில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நோட்டீஸ் அடித்துத் தபாலில் அனுப்பினார், அதற்குத்தான் ஜெயில். தியேட்டர் என்பது அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ் போகிறபோக்கில் எழுதிய உதாரணம்.

நியூஜெர்சி மாமா:
உதாரணமோ என்னவோ, உச்ச நீதிமன்றம் சொன்னதா இல்லையா? ஒன்பது பேரும் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு தம்பி. இந்த நாட்டில் வரி கட்டிக்கொண்டு இருப்பவன் நான்.

பச்சைமிளகாய்:
வரி கட்டினால் சட்டம் தெரிந்துவிடுமா? எந்தத் தியேட்டர், அதைச் சொல்லுங்கள். 'தெளிவான, உடனடி ஆபத்து' இருந்தால் பேச்சைத் தண்டிக்கலாம் என்று ஷெங்க் வழக்கில் வைத்த அளவுகோலையே 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரங்கட்டிவிட்டது. ஒஹாயோவில் டிவி கேமரா முன்னால் பழிவாங்கலைப் பற்றிப் பேசிய கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவனுக்குக் கிடைத்த தண்டனையையே ரத்து செய்தார்கள். உடனடியாகச் சட்டத்தை மீறத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும், அது நடந்துவிடும் நிலையும் இருக்க வேண்டும், அப்போதுதான் பேச்சைத் தண்டிக்கலாம்.

கடலைமிட்டாய்:
சும்மா தியேட்டர் தியேட்டர் என்று குதிக்காதீர்கள். 1913-ல் மிச்சிகன் கேலுமெட்டில் யாரோ தீ என்று கத்தி 73 பேர் நெரிசலில் செத்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். அதெல்லாம் கருத்துரிமையா?

பச்சைமிளகாய்:
அது வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் விழா, இத்தாலியன் ஹால் மாடிப்படியில் நடந்தது. கத்தியவன் யார் என்றே கடைசிவரை தெரியவில்லை. அதற்கும் ஷெங்குக்கும் என்ன சம்பந்தம்?

நியூஜெர்சி மாமா:
நாளைக்கு ஒரு தியேட்டரில் போய்க் கத்திப் பாருங்கள், போலீஸ் விடுகிறதா என்று பார்ப்போம்.

பச்சைமிளகாய்:
பொய்யாகக் கத்திப் பீதி கிளப்பினால் பிடிப்பார்கள்தான், நான் எப்போது இல்லை என்றேன்? ஆனால் நீங்கள் காட்டிய வழக்கில் யாரும் கத்தவில்லை, நோட்டீஸ்தான் போட்டார்கள். இதே ஹோம்ஸ் அடுத்த வாரமே யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் தலைவருக்கு ஒரு மேடைப் பேச்சுக்காகக் கிடைத்த 10 வருஷ தண்டனையையும் உறுதி செய்தார், அந்த மனிதர் 1920-ல் ஜெயிலில் இருந்தபடியே ஜனாதிபதி தேர்தலில் நின்று 9 லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கினார். இந்தத் தீர்ப்புகளைத்தான் மாமா பெருமையாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

கடலைமிட்டாய்:
துப்பாக்கி உரிமை விவாதத்திலும் இவர் இப்படித்தான், நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தேதி தேதியாக அடுக்கினார்.

பச்சைமிளகாய்:
அங்கே பாதியில் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நியூஜெர்சி மாமா:
ஒன்பது பேர். ஒருமனதாக. எனக்கு அது போதும்.

பச்சைமிளகாய்:
சரி மாமா, அந்தத் தியேட்டர் பெயர் என்ன?