தளமானியா, வரம்போடியா?

வணக்கம்.

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் பெரியப்பாவின் பெட்டிக்குள் இருந்த கருவியின் படத்தை இரண்டு கிழமைக்கு முன் உங்களுக்கு அனுப்பி, இது என்ன, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். இரண்டு கை; ஒன்றின் நுனியில் பாரமான கால், மற்றதில் ஊசிமுனையும் சின்னச் சில்லும். கவராயம் என்று சிலர் எழுதினீர்கள். வரைபடத்தில் பாதையின் நீளம் அளக்கிற சில்லு என்றார் ஒருவர். நீளம் அளப்பதென்றால் இழுக்கிற பக்கமெல்லாம் சில்லு உருள வேண்டும். இதுவோ, சில்லுள்ள கையின் போக்கில் இழுத்தால் உருளாமல் வழுக்குகிறது. குறுக்கே தள்ளினால்தான் உருளுகிறது. இரண்டு நாள் இதையே யோசித்தேன்.

அப்புறம் 2 அங்குலச் சதுரம் ஒன்றைக் கீறினேன். பாரமான காலைச் சதுரத்துக்கு வெளியே ஊன்றி, மற்றக் கையின் ஊசிமுனையைக் கோட்டின்மேல் வலஞ்சுழியாக நடத்தி, தொடங்கிய புள்ளியிலேயே நிறுத்தினேன். சில்லில் உள்ள 100 பிரிவுகளில் 40 நகர்ந்திருந்தது. 2க்கு 4 செவ்வகம் கீறினேன், 80. சதுர அங்குலத்துக்கு 10 பிரிவு. அளப்பது பரப்பளவைத்தான்! ஓரம் எப்படி நெளிந்தாலும் இதே கணக்கு. சுவிட்சர்லாந்துக் கணிதர் யாக்கோப் அம்ஸ்லர் 1854இல் உருவாக்கிய கருவியின் வகை இது; ஆங்கிலத்தில் பிளானிமீட்டர் (planimeter).

பெரியப்பா நீர்ப்பாசன வேலையில் படம் வரைந்தவர். குளத்தின் சமவுயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடுகளை, ஒவ்வொன்றாக இந்த ஊசியால் சுற்றி வந்து, அடுத்தடுத்த இரண்டு பரப்பளவின் சராசரியை உயர வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டினால், குளம் எத்தனை ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் அளவு) தண்ணீர் பிடிக்கும் என்று வந்துவிடும். அங்குலத்துக்கு 4 சங்கிலி (ஒரு சங்கிலி 66 அடி) என்று வரைந்த படத்தில் சில்லு ஒரு முழுச் சுற்று வந்தால் 16 ஏக்கர். குளத்தை நம்பி விதைக்கிற எங்களுக்கு இது சின்னக் கருவி இல்லை.

சரி, பெயர். உங்களில் சென்னையிலிருந்து எழுதிய ஐயா சொன்ன ‘தளமானி’யில் என்ன அளக்கிறோம் என்பதே தெரியவில்லை. ‘பரப்புமானி’ தெளிவான சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பதே காணி அளவு, 16 பரப்பு ஓர் ஏக்கர். கருவி அந்தக் கணக்கில் காட்டும் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே பாடநூலுக்குப் ‘பரப்பளவுமானி’ என்று வைப்போம்.

புழக்கத்துக்கு நான் கேட்பது ‘வரம்போடி’. நாடோடி, முன்னோடி போல. வயலை ஒருவர் வரம்பு வழியே சுற்றி வருவதைத்தான் அந்த ஊசி தாளில் செய்கிறது; பெயரைக் கேட்டவுடனே கருவியை எப்படிப் பிடிப்பது என்று விளங்கும். ‘வரம்புமானி’ மட்டும் வேண்டாம், அது சுற்றளவை அளப்பதாகிவிடும். ‘வரம்போடி’யில் பரப்பு ஒளிந்திருக்கிறது என்பது உண்மை. அதற்காகத்தான் இரண்டு சொல் கேட்கிறேன்.

உறுப்புகளில் ஊசிமுனைக்கு ஓடுமுனை, சில்லுக்கு அளவுச்சில்லு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஊன்றி நிற்கிற அந்தப் பாரமான காலுக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. சொல்லுங்கள்.