உடம்பெல்லாம் வலி, கையில் பிடியே இல்லை: தசை தேய்கிறதா?

பாலக்கோடு மகள்
அம்மாவுக்கு 52 வயது. ரொம்ப நாளாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை எல்லாம் வலி, விடிந்து எழும்போதே அசதி. உடம்பெங்கும் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலியைவிட இப்போது பயமாக இருப்பது பலம் குறைவதுதான். களி கிண்டும்போது மாவு இறுகியதும் துடுப்பைத் திருப்ப முடியாமல் என்னைக் கூப்பிடுகிறார், தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழுகிறார். அக்கம்பக்கத்தில் படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள், டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். எதைக் கேட்பது?

கிருஷ்ணகிரி பிசியோ
டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பலக்குறைவு அம்மாவின் கற்பனை இல்லை, இந்த நோய் உள்ளவர்களின் கைப்பிடியையும் தொடை பலத்தையும் அளந்த ஆய்வுகளில் அதே வயதுக்காரர்களைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இது தசையைக் கரைக்கிற நோய் இல்லை. நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்குகிறது, வலிக்குப் பயந்து அசைவதைக் குறைக்கிறோம், அசையாத தசை இன்னும் இளைக்கிறது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016-ல் திருத்திய பரிந்துரைகளில் வலுவாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், சுவரில் கை வைத்துத் தள்ளட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மறுநாள் வலி கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

பென்னாகரத்தான்
போர் தண்ணீரா குடிக்கிறீர்கள்? நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எலும்பில் ஃபுளோரைடு ஏறினாலும் முதலில் மூட்டு வலி, விறைப்பு என்றுதான் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று தண்ணீரைப் பரிசோதியுங்கள். கையூன்றி எழுவது வைட்டமின் டி குறைந்தாலும் வரும். அதையும் தைராய்டையும் பார்த்தாயிற்றா? கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதனாலும் தசை வலி வரலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஓசூர் அக்கா
பிசியோ தம்பி சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். கொஞ்சம் வேலை செய்தாலே அடுத்த ஒன்றிரண்டு நாள் எழ முடியாமல் விழுந்துவிடுகிறார் என்றால் அது நாள்பட்ட சோர்வு நோயாகவும் இருக்கலாம், எனக்கு அதுதான். அதற்குப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-ல் வழிகாட்டியிருக்கிறது. தயவுசெய்து அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பாலக்கோடு மகள்
அப்படி விழுந்ததில்லை அக்கா, மறுநாள் வலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வைட்டமின் டி யாருமே பார்க்கவில்லை. குடிப்பது போர் தண்ணீர்தான்.

கிருஷ்ணகிரி பிசியோ
அக்கா சொன்னது சரி, அதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் முதலில் ரத்தப் பரிசோதனையும் தண்ணீர்ப் பரிசோதனையும் முடியுங்கள், நாற்காலிப் பயிற்சியை இன்றே தொடங்கலாம்.