குன்னூரில் நகைச்சுவை நாடகம்: உள்ளூரில் சீட்டு விற்பதா, விடுதிகளை நம்புவதா?

குன்னூர் மேடை

அனைவருக்கும் வணக்கம். குன்னூரிலும் சுற்று ஊர்களிலும் ஆறு ஆண்டுகளாகத் தமிழ் நகைச்சுவை நாடகங்களை நடத்திவரும் ஒன்பது பேர் கொண்ட ஒரு சிறு குழுவில், எழுதுவதும் இயக்குவதும் என் பொறுப்பு. சென்ற வாரம் ஒரு தங்கும் விடுதியிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. கோடைப் பருவத்திலும் டிசம்பர் விடுமுறையிலும் விருந்தினர்களுக்கு இருபது நிமிட நகைச்சுவைக் காட்சிகளை நடத்தித் தந்தால், ஆண்டுக்கு ஒரு தொகையை மொத்தமாகத் தந்துவிடுவார்கள். அந்த மாதங்களின் சனிக்கிழமைகளில் வேறெங்கும் நடிக்கக் கூடாது என்பது அவர்களின் நிபந்தனை. குழுவில் ஐவர் ஒப்புக்கொள்ளலாம் என்கிறார்கள். நானும் மற்ற மூவரும் வேண்டாம் என்கிறோம்.

எங்கள் கணக்கை மறைக்காமல் வைக்கிறேன். ஒரு காட்சிக்கு அரங்க வாடகை 3,500 ரூபாய், ஒலி ஒளிக்கு 4,000, வண்டிக்கு 1,500, சுவரொட்டிக்கும் தேநீருக்கும் 1,000, ஆக 10,000 ரூபாய் செலவாகிறது. சீட்டு விலை 100 ரூபாய். பெரும்பாலும் தொண்ணூறு பேர் வருகிறார்கள். ஆயிரம் ரூபாய் எங்கள் கையிலிருந்து போகிறது. அப்படியிருந்தும், உள்ளூர் மக்களுக்கு முழு நீள நாடகத்தைச் சீட்டு விற்று நடத்துவதே ஒரு நகைச்சுவைக் குழுவுக்கு உரிய வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

உதகைக் கணக்கர்

ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நீங்கள் எழுதிய செலவில் நடிகர்களுக்கு என்று ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டு மாதம் ஒத்திகைக்கு வரும் ஓர் இளைஞர், பேருந்துக் கட்டணத்தையும் தாமே கொடுத்து எத்தனை ஆண்டுகள் வருவார்? கோயம்புத்தூரில் வேலை கிடைத்த மறுநாளே அவர் மலை இறங்கிவிடுவார். அவர் நடித்த பாத்திரத்துக்கு மறுபடியும் ஒருவரைத் தேடிப் பாடம் பண்ண வைக்க வேண்டும்.

அடுத்து, மலையின் நாள்காட்டியைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், உதகைப் பக்கத்தை நனைக்கிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வந்துவிடுகிறது. 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிஞ்சுவது ஜனவரி முதல் மே வரை. அதில் மார்ச் மாதத்தைத் தேர்வு எடுத்துக்கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் திருமணங்களால் அரங்குகள் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு எட்டுக் காட்சிகள் நடத்தினாலே அது பெரும் உழைப்பு என்பேன். விடுதியிலோ கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பார்ப்பதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். நடிகர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். கலையைப் பிறகு பார்க்கலாம்.

பந்தலூர் ஆசிரியை

இருவரும் தோட்டத் தொழிலாளர்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதால் எழுதுகிறேன். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயிலும் தனியார் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். நான்கு பேர் உள்ள ஒரு வீடு நாடகம் பார்க்க 400 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால், அந்த வீடு நாடகம் பார்க்காது.

எங்கள் பெரியவர்கள் நாடகம் அறியாதவர்கள் அல்லர். காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் கொழும்புக் கச்சேரிக்காரர்கள் வந்து நடத்தித் தரவில்லை; லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களே ஆடினார்கள், லயங்களில் வாழ்ந்தவர்களே செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். யாரும் வாசலில் நின்று சீட்டுக் கிழிக்கவில்லை. ஊர் முழுக்க வரி கொடுத்தது, ஊர் முழுக்கப் பார்த்தது. ஒருவரால் கொடுக்க முடியாமல் போனால் அடுத்த வீடு சேர்த்துக் கொடுத்தது. ஆகவே, நகரத்துச் சீட்டு, விடுதியின் ஒப்பந்தம் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது சரியல்ல. இலவசமாக நடத்துங்கள், செலவை ஊர் ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள்.

குன்னூர் மேடை

அம்மா, நீங்கள் சொன்ன ஊர்வரி என்னை யோசிக்க வைத்தது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். இலவசம் என்பதில் மட்டும் எனக்கு ஓர் அனுபவம் உண்டு, அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் நாடகம் ஒன்றில், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து மாப்பிள்ளை வீட்டார் பர்லியாறில் மாட்டிக்கொள்கிறார்கள். முகூர்த்த நேரம் நெருங்க, மழைக்கு ஒதுங்கிய ஒரு டயர் வியாபாரியை மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று பெண்ணின் தந்தை தவறாக நினைத்துவிடுகிறார். இந்த முடிச்சு முதல் பத்து நிமிடத்துக்குள் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வியாபாரி எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். "எனக்கு ரொக்கமாகத் தந்தால் போதும்" என்று அவர் சொல்லும்போது, வரதட்சணை என்று நினைத்துத் தந்தைக்கு வியர்க்கும் இடத்தில் அரங்கமே குலுங்கும். இதே நாடகத்தை ஒரு மைதானத்தில் இலவசமாக நடத்தினோம். கூட்டத்தில் பாதி, நாடகம் தொடங்கி அரை மணி நேரம் கழித்தே வந்தது. வந்தவர்களுக்கு அந்த மனிதர் யார் என்பதே தெரியவில்லை. அதே வசனத்துக்கு முன்வரிசையில் நான்கு பேர் மட்டும் சிரித்தார்கள். சீட்டு வாங்கியவர்கள் நேரத்துக்கு வந்து உட்காருகிறார்கள், முடிச்சு விழுவதைப் பார்க்கிறார்கள். சோக நாடகத்தில் நடுவில் நுழைந்தாலும் அழ முடியும், நகைச்சுவையில் முடியாது. நான் கட்டணத்தை வலியுறுத்துவது வசூலுக்காக மட்டும் அல்ல.

கணக்கர் ஐயாவுக்கும் ஒரு செய்தி. எங்கள் அரங்கில் இருநூறு நாற்காலிகள் உண்டு. முதல் ஆண்டில் அவை அனைத்தையும் போட்டுவைத்தோம். அறுபது பேர் அங்கொருவர் இங்கொருவராக, சால்வைக்குள் கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வந்தாலும், பக்கத்தில் ஆள் இல்லாததால் அவர் அடக்கிக்கொண்டார். இப்போது விற்ற சீட்டுக்கு மட்டும் நாற்காலி போட்டு, மீதியை அடுக்கிவிடுகிறோம். தோளோடு தோள் உரச உட்காரும் தொண்ணூறு பேரிடம் சிரிப்பு பரவுகிற வேகமே வேறு. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிப்பு நிற்கும், அடுத்த வசனத்தை எப்போது எடுக்க வேண்டும் என்பதை நடிகர் கற்பது இத்தகைய பார்வையாளரிடம்தான்.

விடுதியிலும் ஒருமுறை சில நாட்கள் நடித்தோம். பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். அவர்கள்மீது குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தமிழ்ச் சொல்லை நம்பிய ஒவ்வொரு வசனமும் அங்கே கீழே விழுந்தது. மூன்றாம் நாளில் எங்கள் நடிகர்கள் வசனத்தை விட்டுவிட்டு வழுக்கி விழத் தொடங்கினார்கள், ஏனென்றால் சிரிப்பு அதற்கு மட்டும்தான் கிடைத்தது. அந்தப் பழக்கத்தைத் திருத்த எனக்கு ஆறு மாதங்கள் ஆயின.

கோத்தகிரி ஒலியமைப்பாளர்

என் தொழிலுக்கு எதிராகவே ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பக்கமும் சுவர் உள்ள அரங்கில் தொண்ணூறு பேருக்கு நடிக்க ஒலிபெருக்கி தேவையில்லை. தகரக் கூரை உள்ள அரங்கில் மைக் தொங்கவிட்டால், நடிகரின் குரலோடு மழைச் சத்தத்தையும் சேர்த்தே அது பெருக்கும். கடைசிச் சொல் கேட்காத நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள்? குரலை வயிற்றிலிருந்து எடுக்கப் பழக்குங்கள், பெருமழை பிடித்தால் வசனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நான்கு எல்இடி விளக்குகளைச் சொந்தமாக வாங்கிவிட்டால், ஒலி ஒளிக்கு நீங்கள் கொடுக்கும் 4,000 ரூபாயில் பெரும்பகுதி மிச்சமாகும். மின்சாரம் போனால் கைகொடுக்கச் சிறு ஜெனரேட்டருக்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

மாலைக் காட்சியையும் கைவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி ஒருபுறம் இருக்கட்டும். கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்து அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கினால் பெண்கள் வருவார்கள்.

உதகைக் கணக்கர்

ஒலியமைப்பாளர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. அந்தச் செலவு குறையும் என்றால் உங்கள் பற்றாக்குறையும் தீரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான நாடகச் சீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. சென்னையில் நகைச்சுவை நாடகங்கள் நிலைத்தது சபாக்களால். உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தாவை முன்னதாகவே கட்டிவிடுவார்கள். சபா குழுவுக்கு ஒரு தொகையைக் கொடுக்கும். அன்று கூட்டம் குறைந்தாலும் குழுவுக்கு நட்டம் இல்லை. இங்கே அந்தச் சபாவின் இடத்தில் விடுதி இருக்கிறது என்று ஏன் நினைக்கக் கூடாது? அது வேண்டாம் என்றால், மக்களுக்குப் பெயர் தெரிந்த சென்னை நாடகங்களையாவது எடுத்து நடத்துங்கள். புதிதாக எழுதியதற்குச் சீட்டு விற்பதைவிட அது எளிது.

குன்னூர் மேடை

பெயர் தெரிந்த நாடகங்களை விரும்பியபடி எடுத்து நடத்த முடியாது, ஐயா. எழுதியவரின் ஆயுட்காலம் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. சபா நாடகங்கள் பெரும்பாலானவற்றுக்கு உரியவர்களின் அனுமதியும் உரிமைத் தொகையும் வேண்டும். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார். ஆகவே 2025 தொடங்கியதிலிருந்து அவருடைய நாடகங்களுக்கு அந்தத் தடை இல்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர் அவர். எசமானும் வேலைக்காரனும் ஒரே பெயர் கொண்ட 'சபாபதி' இன்றும் மேடையில் நிற்கும். அதை எடுத்துச் செய்ய எங்களுக்கும் ஆசை உண்டு. ஆயினும், பழைய நாடகங்களை மட்டும் நடத்தினால், பச்சைத் தேயிலை விலையைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் எங்கள் மக்கள் சிரிக்க யார் எழுதுவது?

விடுதியைச் சபாவோடு ஒப்பிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. சபா உறுப்பினர் அடுத்த மாதமும் வருவார். சென்ற முறை சொன்ன நகைச்சுவையை மறுபடி சொன்னால் முகத்துக்கு நேரே கேட்பார். விடுதி விருந்தினர் மறுநாள் அறையைக் காலி செய்துவிடுவார். பணத்தைப் பற்றிய உறுதியும் அங்கே குறைவு. 2024 மே மாதத்தில், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே பதிவு செய்து பெற வேண்டிய இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. மலையின் நலனுக்கு அது தேவைதான். ஆனால் அறைகள் காலியாகும்போது விடுதிக்காரர் முதலில் நிறுத்துவது நாடகத்தையாகவே இருக்கும்.

சந்தா என்ற உங்கள் சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு நான்கு நாடகங்கள், வீட்டுக்கு 600 ரூபாய், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்தால், நூறு வீடுகள் சேர்ந்தாலே நடிகர்களுக்குப் பயணப்படி கொடுக்க முடியும். குழுவில் மற்ற ஐவரிடமும் இதைச் சொல்லப் போகிறேன். நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை என்று நீங்கள் கேட்டது என்னை உறுத்துகிறது. அதற்கு இது முழுமையான பதில் அல்ல என்பதையும் அறிவேன்.

உதகைக் கணக்கர்

நூறு வீடுகள் சேரும் என்று நான் இன்னும் நம்பவில்லை. ஆயினும் சந்தாப் புத்தகத்தை எழுதவும் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்யவும் நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம். நாற்பது வீடுகளுக்குக் கீழே நின்றுவிட்டால் விடுதிக்காரரிடம் மறுபடி பேசுவீர்கள் என்ற உறுதி மட்டும் வேண்டும்.

பந்தலூர் ஆசிரியை

எங்கள் குடியிருப்பில் நேற்று மாலை பேசினேன். அறுபது வீடுகள் உள்ளன. வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வரி போட்டு 3,000 ரூபாய் தரச் சம்மதித்தார்கள். உணவும் தேநீரும் எங்கள் பொறுப்பு, சமுதாயக் கூடத்துக்கு வாடகை இல்லை. வரி கொடுத்தவர்கள் தாமதமாக வர மாட்டார்கள் என்று நான் பொறுப்பேற்கிறேன். உங்கள் முடிச்சு விழும்போது அனைவரும் உள்ளே இருப்பார்கள். நான்கரை மணிக்குள் முடித்துவிட வேண்டும், ஏனெனில் இருட்டியபின் யானை நடமாடும் பாதையில் குழந்தைகளை அழைத்துச் செல்ல முடியாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் மண்சரிவு நாடகத்தை என் மாணவி ஒருத்தி குன்னூரில் பார்த்திருக்கிறாள். அதில் சமையல் உதவியாளாக வரும் பெண், எங்கள் மக்கள் பேசும் தமிழைப் பேசுகிறாள் என்பதற்காகவே சிரிப்புக்கு ஆளாகிறாள் என்று அவள் சொன்னாள். அவள் அன்று சிரிக்கவில்லை.

குன்னூர் மேடை

அம்மா, அந்தப் பாத்திரத்தை எழுதியவன் நான்தான். குன்னூரில் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பலத்த சிரிப்பு வந்ததால், யார் சிரிக்காமல் இருந்தார்கள் என்பதை நான் பார்க்கத் தவறிவிட்டேன். உங்கள் மாணவியிடம் என் வருத்தத்தைத் தெரிவியுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஒலியமைப்பாளரோடு பந்தலூர் வந்து கூடத்தைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் வசனங்களைப் புதிதாக எழுதிக் கொண்டுவருகிறேன். டயர் வியாபாரி யார் என்பதை முதலில் கண்டுபிடிப்பவளாக அவளை மாற்றலாம் என்று தோன்றுகிறது. உங்கள் மாணவிக்கு விருப்பம் இருந்தால், அவள் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும்; எந்தச் சொல் பொருந்தவில்லை என்று அவள் சொல்கிறாளோ அதை அங்கேயே மாற்றிவிடுவோம். கணக்கர் ஐயா, நாற்பது வீடுகள் என்ற உங்கள் நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறேன். பந்தலூரின் அறுபது வீடுகளை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.