சொற்களே இல்லாமல் மேடையில் கால் மணி நேரம், வேலூரில் எடுபடுமா?

காட்பாடி லோக்கல்:
வணக்கம். அடுத்த மாதம் சத்துவாச்சாரியில் ஒரு மாடி ஹாலில் கவிதை வாசிப்பு வைக்கிறோம். நாற்பது பேர் வந்தாலே பெரிய விஷயம். எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் புதுக்கவிதை வாசிப்பார்கள், நான் ஒலிக்கவிதை செய்யலாம் என்று இருக்கிறேன். சொல் இல்லை, எழுத்தின் ஒலி, மூச்சு, உறுமல், நாக்குச் சொடுக்கு, அவ்வளவுதான், எல்லாமே நேரடியாகக் குரலில். ஜெர்மன் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸின் 'ஊர்சொனாட்டே' என்ற நீண்ட ஒலிக்கவிதையை யாப் பிளோங்க் என்ற டச்சுக்காரர் நிகழ்த்தும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் இது.

கூட இருக்கும் நண்பன் "சிரிச்சுடுவாங்கடா, நம்ம ஊர்ல இதெல்லாம் செட் ஆகாது" என்கிறான். சிரித்தால் என்ன செய்வது? எழுதி வைத்துக்கொண்டு செய்வதா, மேடையில் வாய்க்கு வருவதை அப்படியே செய்வதா? மைக் வேண்டுமா, தொண்டை என்ன ஆகும்? அப்புறம், நம் பக்கம் கூத்து, ஒப்பாரி, மயானக் கொள்ளைப் பம்பை என்று இவ்வளவு இருக்கிறதே, அதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா?

வாலாஜா வாசகர்:
தம்பி, சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்கள் சொல்லும் அதே 'ஊர்சொனாட்டே'யை ஷ்விட்டர்ஸ் ஜெர்மனியில் போட்ஸ்டாம் ஊரில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் செய்த கதையை அவர் நண்பர் ஹான்ஸ் ரிக்டர் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற ராணுவ ஜெனரல்கள், பெரிய மனிதர்கள் நிறைந்த கூட்டம். முதலில் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை, ஹாலே வெடித்துச் சிரித்திருக்கிறது. அந்த ஆள் நிறுத்தவில்லை, கோபப்படவும் இல்லை, குரலை இன்னும் உயர்த்திக்கொண்டு போனார். சிரிப்பு அடங்கியது. முடிந்ததும் அதே ஜெனரல்கள் வந்து கண்கலங்க நன்றி சொன்னார்களாம்.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய தைரியத்தை இல்லை. அந்தப் படைப்புக்கு ஒரு கட்டு இருக்கிறது. 1922 முதல் 1932 வரை திருத்தித் திருத்தி எழுதினார், நான்கு பகுதிகள், முதல் பகுதி ரோண்டோ, அதாவது தொடக்க வரி திரும்பத் திரும்ப வந்து நிற்கும். மூன்றாவது தடவை அதே ஒலி வரும்போது கேட்பவருக்கு அது தெரிந்த ஆளாகிவிடுகிறது, அதற்குப் பிறகு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எழுதிக்கொண்டு போங்கள். மேடையில் தோன்றுவதைச் செய்வது பெரிய கைகாரர்களுக்கு. நாம் செய்தால் மூன்று நிமிடத்தில் உறுமலும் இருமலும்தான் மிஞ்சும்.

அருணை சந்தம்:
ஐரோப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமா? 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் (1989 வரை அதுவும் வட ஆற்காடு மாவட்டம்தான்) அருணகிரிநாதர் செய்யாததா! 'முத்தைத்தரு' பாட்டை எடுத்து வையுங்கள். எல்லாரும் முதல் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். பின்பாதியில் போர்க்களம் வருகிறது, பைரவர்கள் 'தொக்குத்தொகு தொக்குத் தொகுதொகு' என்கிறார்கள், கிழட்டுக் கூகை 'குக்குக்குகு குக்குக் குகுகுகு' என்று கத்துகிறது. அந்தக் கத்தல் அப்படியே நழுவி 'குத்திப்புதை புக்குப் பிடி' என்று ஆகிவிடுகிறது பாருங்கள்! பறவைச் சத்தம் எந்த இடத்தில் சொல்லாக மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஒலிக்கவிதை என்று நீங்கள் தேடுவது இந்த இடம்தான்.

பயிற்சிக்கு ஒரு வழி. 'தத்தத்தன தத்தத் தனதன' என்ற சந்தத்தை மட்டும் கைத்தாளத்தோடு சொல்லிப் பழகுங்கள். தாளம் கையில் உட்கார்ந்ததும் 'த'வை எடுத்துவிட்டு வேறு வல்லினம் போடுங்கள், பிறகு நெடிலாக்குங்கள். வல்லினத்தை இழுக்க முடியாது, அடிக்கத்தான் முடியும். ம், ன், ல், ழ் எல்லாம் மூச்சு இருக்கும்வரை இழுபடும். அடிப்பதும் இழுப்பதும் கைவசம் இருந்தால் பத்து நிமிடத்துக்குச் சரக்கு போதும். எழுதி வைக்கத் தனியாக ஒரு முறை கண்டுபிடிக்கவும் வேண்டாம். குறில் ஒன்று, நெடில் இரண்டு, ஒற்று அரை என்று மாத்திரைக் கணக்கு இருக்கவே இருக்கிறது, கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் அரை மாத்திரை என்று வைத்துக்கொண்டால் முடிந்தது. இதைப் பள்ளியில் மார்க்குக்காகப் படித்து மறந்துவிட்டோம்.

செய்யாத்துக்காரி:
அருணை ஐயா சொல்வது சரி. ஆனால் தம்பி கடைசியில் கேட்டதை யாரும் தொடவில்லை. நான் புரிசைப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். கூத்துக் குரலை எடுத்துக்கொள்ளாதீர்கள். விடிய விடியத் திறந்தவெளியில் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் மேலே எழும்பிப் பாட வேண்டும் என்பதற்காகச் சின்ன வயதிலிருந்து பழகிய குரல் அது. ஒரு மாதத்தில் நீங்கள் செய்தால் கேலி செய்கிற மாதிரி இருக்கும், தொண்டையும் போகும். ஒப்பாரி இன்னும் மோசம். செத்தவருக்கு மகளா மருமகளா என்பதைப் பொறுத்து ஒப்பாரி மாறும், அந்த உறவு இல்லாமல் வெறும் இழுப்பை மட்டும் ஹாலில் வைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஒலிக்கவிதை செய்த ஜெர்மன் கவிஞர் ஹ்யூகோ பால் கதை தெரியுமா? 1916இல் சூரிச்சில், காபரே வோல்டேர் என்ற கேளிக்கை விடுதியில், அட்டை உடுப்பு மாட்டிக்கொண்டு நடக்க முடியாமல், தூக்கிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தினார்களாம். பாதியில் எப்படி முடிப்பது என்று தெரியாமல் தவித்தபோது, தன் குரல் தானாகவே பாதிரிமாரின் பழைய புலம்பல் ராகத்துக்குப் போய்விட்டது என்று டைரியில் எழுதியிருக்கிறார். அது அவர் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த கத்தோலிக்க வழிபாடு. யாரிடமும் போய் எடுத்து வரவில்லை. உங்கள் காதில் அப்படி எது ஊறிக் கிடக்கிறது? காட்பாடிக்காரர் என்கிறீர்கள், தினமும் பஸ் ஏறுகிற ஆள்தானே? புது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் 'ஆற்காடு ஆற்காடு வாலாஜா வாலாஜா' என்று கூவுவது பத்தாவது தடவையில் ஊர்ப் பெயராகவா காதில் விழுகிறது? 'ஆக்காட்ஆக்காட் வாஜாஜா'தான். எனக்குத் தெரிந்து வேலூரின் ஒலிக்கவிதை அது.

குழாய் ஸ்பீக்கர்:
நமக்குக் கவிதை தெரியாது, சவுண்ட் சர்வீஸ்தான் தொழில். மைக் விஷயம் மட்டும் சொல்கிறேன். நாற்பது பேர் ஹாலுக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் உதட்டுச் சத்தம், எச்சில் சத்தம், உள்ளே இழுக்கும் மூச்சு மாதிரிச் சின்னச் சின்னதெல்லாம் வேண்டும் என்றால் மைக் இல்லாமல் மூன்றாவது வரிசைக்கே போகாது. இரண்டும் வேறு வேறு ஐட்டம், முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எஸ்எம்58 மாதிரிச் சாதாரண மைக்கே போதும். வாய்க்கு ஒட்டிப் பிடித்தால் அடித்தொண்டை கனமாகக் கேட்கும், அது நல்லதுதான், ஆனால் 'ப' சொல்லும்போது டம் டம் என்று காற்று அடிக்கும், அதற்கு மைக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வலைத் தலையைக் கையால் பொத்தாதீர்கள், பாக்ஸ் ஊளையிடும். முக்கியமான ஒன்று, ஆபரேட்டரிடம் எக்கோவை முழுக்க அணைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் யார் பேசினாலும் எக்கோ போட்டுவிடுவார்கள், உங்கள் 'தத்தத்தன' எல்லாம் கூழாகிவிடும்.

வாலாஜா வாசகர்:
தொண்டைக்கு நான் சொல்கிறேன். உறுமல் வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள், வலியைத் தாண்டிப் பழகுவது என்று ஒன்று கிடையாது. ஒத்திகை பார்த்துவிட்டுக் கிசுகிசுப்பாகப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள், அழுத்திக் கிசுகிசுப்பதும் குரல்நாணுக்குச் சுமைதான். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. சும்மா சும்மா கனைக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், அதுவும் இந்த வெயிலில். கரடுமுரடான பகுதியை நடுவில் வையுங்கள், தொடக்கத்தில் வைத்தால் மீதி நேரத்துக்குக் குரல் இருக்காது.

காட்பாடி லோக்கல்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஒப்பாரியை விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் யோசனையைப் பிடித்துக்கொண்டேன். 'ஆற்காடு வாலாஜா' என்று தெளிவாக ஆரம்பித்து, மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாக உதிர்த்து, வெறும் 'ஆ'வும் மூச்சும் வரைக்கும் கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அருணை ஐயாவின் கூகை சத்தத்திலிருந்து சொல்லுக்கு வருகிறது, இது சொல்லிலிருந்து சத்தத்துக்கு. மைக் இல்லாமல்தான். பதினைந்து நிமிடம் போதுமா?

செய்யாத்துக்காரி:
அதிகம். எட்டு நிமிடத்தில் முடியுங்கள். நடுவில் இரண்டு தடவை 'ஆற்காடு' முழுசாகத் திரும்பி வரட்டும், வாலாஜாக்காரர் சொன்ன ரோண்டோ மாதிரி. முன்வரிசையில் ஒரு நிஜக் கண்டக்டரை உட்கார வையுங்கள், அவர் முகத்தைப் பார்த்தாலே சரியாகப் போகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், ஆரணி பஸ் பிடித்து வருகிறேன்.