ஈஎல்84 ஸ்டீரியோ ஆம்ப்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரில் சுற்றலாமா?

வால்வு_ஆசை:
வணக்கம். அப்பா ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய தகரப்பெட்டியில் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரித்த ஈஎல்84 பவர் வால்வு நான்கும், ஒரே கண்ணாடிக்குள் இரண்டு சிறு வால்வு உள்ள ஈசிசி83 இரண்டும் அட்டை பிரிக்காமல் கிடைத்தன. இடது, வலது என்று பக்கத்துக்கு இரண்டு ஈஎல்84 வைத்து, அவை எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப் கட்ட வேண்டும். சர்க்யூட் எளிமையானதுதான், ஈசிசி83இன் ஒரு பாதி கெயினுக்கு, மறுபாதி சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டருக்கு, அப்புறம் நேராக ஈஎல்84, கேதோடில் ரெசிஸ்டர் வைத்து பயாஸ். குழப்பம் வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். இங்கே ஸ்டெபிலைசருக்கு காயில் சுற்றுகிற ஒருவர், "எத்தனை சுற்று என்று மட்டும் சொல்லுங்கள், சுற்றித் தருகிறேன்" என்கிறார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மற்ற பாகங்கள் மொத்தத்துக்கும் ஆகிற செலவைவிட அதிகம் ஆகிறது. அந்தப் பணத்துக்கு உயர்ந்த ரக கண்டென்சராக வாங்கிப் போட்டுவிடலாமா? இன்னொன்று, 10 வாட் எங்கள் ஹாலுக்குப் போதுமா, இல்லை இன்னும் பெரிய ஈஎல்34 வால்வுக்குப் போய்விடலாமா? ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டிபி.

சேசிஸ்_தட்டுபவன்:
கண்டென்சரில் மிச்சம் பிடியுங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் பிடிக்காதீர்கள். வால்வு ஆம்ப் என்றால் பாதி அந்த இரும்புதான்.

உள்ளூரில் சுற்றலாம், நானே சுற்ற வைத்திருக்கிறேன். ஆனால் சுற்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், பிரைமரி (வால்வு பக்கச் சுருள்) முழுவதையும் உள்ளே சுற்றி அதன்மேல் செகண்டரியை (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) சுற்றிக் கொடுத்துவிடுவார். அவருக்குப் பழக்கமானது மெயின்ஸ் கரண்டுக்கான பவர் டிரான்ஸ்ஃபார்மர். எனக்கு முதலில் கிடைத்தது அப்படித்தான். குரல் கேட்டது, ஆனால் ஜால்ராவின் மேல்முனை முழுக்கப் போய்விட்டது, ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி விடுவது) கொடுத்தவுடன் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஆடத் தொடங்கியது. பிரைமரியைப் பல பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே செகண்டரி அடுக்குகளை வைக்கச் சொல்ல வேண்டும். செகண்டரி பகுதிகள் எல்லாவற்றிலும் சுற்று ஒரே எண்ணிக்கையில் இருந்தால் பேரலலாகச் சேர்த்துவிடலாம். இரண்டு ஈஎல்84இன் வெளியீட்டு முனைகளுக்கு இடையே, அதாவது பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு 8 கிலோ ஓம், வால்வின் ஸ்கிரீன் கிரிடுக்கு பிரைமரியில் 43 சதவீதத்தில் டேப் (இடைமுனை), அதாவது ஹாஃப்லரும் கீரோஸும் 1951இல் எழுதிய அல்ட்ராலீனியர் முறை. லேமினேஷனை (உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளை) ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்கச் சொல்லுங்கள், புஷ்-புல்லில் டிசி ஒன்றையொன்று கழித்துவிடுவதால் இடைவெளி தேவையில்லை. சோக் மாதிரி இடைவெளி விட்டு அடுக்கினால் பேஸ் போய்விடும்.

வந்ததும் இப்படிச் சோதியுங்கள். 8 கிலோ ஓமுக்கும் 8 ஓமுக்கும் சுற்று விகிதம் 31.6. பிரைமரியின் இரு முனைகளில், சீரிஸ் பல்பு வழியாக, வீட்டு மெயின்ஸ் கரண்ட் கொடுங்கள். முனைகளில் 230 வோல்ட் இருந்தால் செகண்டரியில் 7.3 வோல்ட் வர வேண்டும், நடு டேப்பிலிருந்து இருபக்கமும் 115 சமமாக வர வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

ஈயக்கம்பி:
10 வாட் போதும். ஈஎல்34 போட்டு 20 வாட் எடுத்தாலும் கூடுவது 3 டிபிதான், ஸ்பீக்கர் 90 டிபி என்றால் 10 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டிபி வந்துவிடும். முல்லார்டு 1954இல் வெளியிட்ட 5-10 ஆம்பும் இதே கணக்குதான், 5 வால்வு, 10 வாட், கடைசியில் இரண்டு ஈஎல்84. அவர்கள் கூடுதல் கெயினுக்கு முன்னால் ஈஎஃப்86 என்ற வால்வு போட்டார்கள், இன்றைய சிடி பிளேயர் தரும் சிக்னலுக்கு உங்கள் ஈசிசி83 மட்டும் போதும்.

பவர் சப்ளையில் ஒரு கணக்கு. நான்கு ஈஎல்84 சேர்ந்தால் 150 மில்லிஆம்பைத் தாண்டிவிடும், எனவே ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வுகளில் ஈஇசட்81 தாங்காது. பெரிய ஜிஇசட்34 அல்லது சிலிக்கான் டயோடு போடுங்கள். டயோடு என்றால் வால்வு சூடாகும் முன்பே 250-0-250 வோல்ட் வைண்டிங்குக்கு 350 வோல்ட் ஏறி நிற்கும், அதனால் கண்டென்சர் எல்லாம் 450 வோல்ட். ஹீட்டருக்கு மொத்தம் 3.64 ஆம்ப் ஆகிறது, 5 ஆம்ப் வைண்டிங்காக ஆர்டர் கொடுங்கள்.

நாற்பது_வருட_ரேடியோ:
தம்பி, அப்பா பெட்டியில் இருக்கும் பழைய கப்ளிங் கண்டென்சரை மட்டும் தொடாதே. லீக் ஆனால் அடுத்த வால்வின் கிரிடில் (சிக்னல் நுழையும் முனை) பாசிட்டிவ் ஏறி பிளேட் ரத்தச் சிவப்பாகிவிடும், நான் ஒரு நல்ல ஜோடியை அப்படிப் பறிகொடுத்தேன். ஈஎல்84 செருகும் முன் அதன் சாக்கெட்டில் கிரிடு பின்னில் மீட்டர் வைத்துப் பார், பூஜ்யம் காட்ட வேண்டும். நிறுத்திய பிறகு கண்டென்சர் வடிய, சப்ளையில் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். 100 மைக்ரோஃபாரட் என்றால் அது வடிய இரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை உள்ளே கை வைக்காதே, வைத்தாலும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்.

வால்வு_ஆசை:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். காயில்காரரிடம் படம் வரைந்து கொடுத்தேன், பொறுமையாகச் சுற்றித் தந்தார். செகண்டரியில் 7.2 வோல்ட், இரண்டு பாதியும் சமம். முதல் தடவை ஃபீட்பேக் ஒயரை வைத்ததும் ஊளையிட்டது. பிளேட் ஒயர்களையும், கூடவே ஸ்கிரீன் டேப்புகளையும் இடம் மாற்றினேன், அடங்கிவிட்டது. 270 ஓம் கேதோடு ரெசிஸ்டரில் 10.6 வோல்ட், அதாவது 39 மில்லிஆம்ப், 300 வோல்டுக்கு ஈஎல்84இன் வரம்பான 12 வாட்டைத் தொடவில்லை.

நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரித் தட்டு போட்டேன். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்னால் தம்பூரா மட்டும் தனியாக நிற்கிறது, ஒவ்வொரு தந்தியும் எழுந்து மறைவது கேட்கிறது. இந்தத் தட்டை இருபது வருடமாகக் கேட்கிறேன், அந்தத் தம்பூரா இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

இடது பக்கம் மட்டும் லேசாக ஹம் இருக்கிறது.

ஈயக்கம்பி:
ரொம்ப சந்தோஷம். ஹம் 50 ஹெர்ட்ஸா 100ஆ என்று பாருங்கள். 100 என்றால் சப்ளை. 50 என்றால் ஹீட்டர் ஒயரை இறுக்கி முறுக்கி, இரு முனையிலிருந்தும் 100 ஓம் வைத்து எர்த் பண்ணுங்கள். இடது சேனல் சேசிஸில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இருக்கிறதா? மேலிருந்து ஒரு படம் போடுங்கள்.